பச்சைக்குச் செம்பு

நாலு சக்கரமும் கழன்றுபோய் வண்டி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. வேட்டியை உருவிவிட்டு நடுத்தெருவில் நிறுத்திய பெரிய மனுஷனைப் பார்ப்பதுபோல எனக்குக் கூசுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கண் அங்கேதான் போகிறது. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைக்கிறேன், நினைத்து முடிப்பதற்குள் அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாக மாட்டுகிறது. பார்த்தால். எங்கே பார்க்கப் போகிறார். கண் போய் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் எனக்குப் பேச்சில் பார்க்கிறதும் காட்டுகிறதும்தான் முதலில் வருகிறது. ‘இங்க பாருங்க’ என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவர் எதுவும் சொல்வதில்லை. ‘பாத்துட்டேன் சொல்லு’ என்பார், சிரிக்காமல். கணபதி ஏரியாவில் இந்தப் பெயிண்ட் பட்டறைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரியாது. தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சோற்றையும் கீரைக் குழம்பையும் ஹாட்பாக்ஸில் போட்டு மேஜையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து அந்த மூடியைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கையைப் பிடித்தபடியேதான் பொய் சொன்னேன். குரலில் சொன்ன பொய்யை அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தைவிட, கையில் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம்தான் அதிகமாக இருந்தது.

இப்போதெல்லாம் அவருக்கு எல்லாமே விரல்தான். அரிசியில் கல் பொறுக்குகிறது, சட்டையில் எது உள்பக்கம் என்று கண்டுபிடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிச் சக்கரங்களைத் துடைக்கிறது. அது ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. குட்டை ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு போய் முன்பக்கச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, நனைத்த துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, ஒவ்வொரு கம்பியாக, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற சந்து சந்தாகத் துடைப்பார். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த அலாய் வீல்கள். அந்த லான்சர் காரை எடுத்த காலத்தில் எங்கள் தெருவில் அப்படிப்பட்ட சக்கரம் யாரிடமும் இல்லை. பம்ப்செட் கம்பெனிக்கு விற்பனை பார்க்க சேலம், தேனி, ராஜபாளையம் என்று அந்த வண்டியிலேயே சுற்றியவர். கரும்பச்சை வண்டி, வெள்ளிச் சக்கரம். ஊரிலிருந்து திரும்பி வந்தால் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். எனக்கு அப்போது கோபம் வரும். இப்போது அந்தக் கோபத்தை நினைத்தால் யாரோ வேறு ஒரு பெண்ணுடைய கோபம் மாதிரி இருக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலையில் அவர் விரல் முன்பக்கம் இடது சக்கரத்தின் விளிம்பில் வரும்போது, அங்கே எலி கொறித்ததுபோல இருக்கிற இடத்தில் நிற்கும். நின்று, திரும்பிப் போய், மறுபடி வரும். அப்புறம் ‘கோகிலா’ என்று கூப்பிடுவார். உரக்கக்கூடக் கூப்பிட மாட்டார். அந்த ஒரு கூப்பிடலுக்குப் பயந்துதான் இங்கே இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தின்னர் வாசனையில் தலை வலிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

உரசியது அன்றைக்கு வாளையார் ரோட்டில். ரவிக்கை வாங்கத் தையல் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு. ரவிக்கையும் வாங்கினேன், அது உண்மை. வாங்கி முன்சீட்டில் போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனேன். மதுக்கரை தாண்டினால் அந்த மலைக்கும் இந்த மலைக்கும் நடுவில் ஒரு இடத்தில் காற்று குறுக்கே வந்து வண்டியை லேசாகத் தொடும், தோளில் யாரோ கை வைக்கிற மாதிரி. அந்தத் தொடலுக்காகத்தான் போகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும். ஐம்பது வயது தாண்டிய பொம்பளை, கண் தெரியாத புருஷனை ரேடியோவோடு உட்காரவைத்துவிட்டு, காற்று தொடுகிறது என்று மலைப் பக்கம் போனாளாம். போனேன். ஒரு டீக்கடை முன்னால் ஒதுக்கி நிறுத்தும்போது நடைபாதைக் கல்லில் சக்கரம் ஏறி இறங்கியது. பல்லைக் கடிக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தேன், வெள்ளி பிய்ந்து உள்ளே வேறு ஒரு வெள்ளை தெரிந்தது. அப்போதும் முதலில் தோன்றியது வண்டிக்கு என்ன ஆச்சு என்றில்லை, அவர் விரலுக்கு இது தெரியுமே என்றுதான். வீட்டுக்கு வந்ததும் ரவிக்கையை வாங்கித் தடவிப் பார்த்து, ‘தையல் நல்லா இருக்குதே, அதான் இவ்வளவு நேரம் ஆச்சா’ என்றார். அந்தச் சமயம் பார்த்து வாசலில் தபால்காரர் மணியடித்ததால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன். போன ஞாயிறு மழை, அதனால் ஒரு வாரம் கிடைத்தது. மழைக்கு நன்றி சொன்னேன். எதற்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

“அக்கா, இது ஒண்ண மட்டும் அடிச்சா ஒட்டாதுங்க்கா,” என்று காலையில் பெலிக்ஸ் சொன்னான். பட்டறை அவனுடையது. கழுத்தில் மாஸ்க் தொங்க, பேசும்போது அதை மேலே ஏற்றாமல், வேலை செய்யும்போதும் மேலே ஏற்றாமல் இருக்கிற ஆள். “மத்த மூணும் பழைய சில்வர். வெயில்ல கெடந்து மஞ்சப் பூத்துருக்கு. இத மட்டும் புதுசா அடிச்சா ஒரு பல்லு கட்டுன மாதிரி தனியாத் தெரியும். நாலையும் அடிச்சுருங்க.” தெரிந்தால் என்ன, பார்க்கிறவர் யார் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நாலையும் அடி என்றேன். அதோடு விட்டிருக்க வேண்டும். அவன் பின்னால் போய் ஒரு கம்பியில் கோத்த தகர வட்டங்களை எடுத்துக்கொண்டு வந்தான், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். “பழைய கலரேதான் வேணுமா, இல்ல மாத்திப் பாக்கறீங்களா? நாலையும் உரிக்கத்தானே போறோம்.” பழைய கலரேதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை அதற்குள் வெள்ளியைத் தாண்டிப் போய்விட்டது. சாம்பல், கறுப்பு, அப்புறம் இந்தச் செம்பு. விளக்கி ரெண்டு நாள் ஆன செம்புக்குடத்தின் நிறம், பளபளப்பு அடங்கி உள்ளே சூடு மட்டும் இருக்கிற மாதிரி. அந்தத் தகரத்தைக் கொண்டுபோய் வண்டியின் கதவில் வைத்துப் பார்த்தேன். கரும்பச்சை மேல் அது உட்கார்ந்த விதத்தில் எனக்கு வயிற்றுக்குள் ஒரு சின்னக் குதிப்பு. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறபோதுகூட எனக்கு இப்படி வந்ததில்லை, அன்றைக்கு எடுத்தது மாமியார். “அடி தூள்” என்றான் பெலிக்ஸ். “பழைய வண்டிக்கு இதுதாங்க்கா. சும்மா ராஜா மாதிரி நிக்கும்.” இதையே அடி என்று சொன்னது நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சக்கரத்தைப் பழையபடி ஆக்கி மறைக்கத்தான் வந்தேன், மறைக்க வந்த இடத்தில் எனக்குப் பிடித்த கலரை அடித்துக்கொண்டிருக்கிறேன். கண் தெரியாத மனுஷனுடைய வண்டியில். அவர் ஊரில் இல்லாதபோது பீரோவைத் திறக்கிறதுகூட இதைவிடத் தேவலை.

அவருடைய வண்டி. இருபது வருஷம் அது அவருடைய வண்டியாகத்தான் இருந்தது. நான் ஓட்டக் கத்துக்கட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எங்கள் பாப்பா பள்ளிக்கூடம் போகிற காலத்தில். ‘உனக்கு எதுக்குப்புள்ள’ என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்ன பிறகு எனக்கும் எதற்கு என்று தெரியவில்லை. அப்புறம் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. முதலில் வலது கண், ஊசி, லேசர், அப்புறம் இடது. ஒருநாள் வண்டியை உள்ளே விடும்போது வாசல் தூணில் இடித்தார். தூண் அங்கேதான் இருபது வருஷமாக இருக்கிறது. இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார். நான் அழுதேன். அழுதேன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சாவியின் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோவுக்கு நிற்க முடியாது என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் வந்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டினேன். அவர் கண்தான் போயிருந்தது, கால் போகவில்லை. எனக்கு முன்னால் அவர் கால் பிரேக்கை மிதிக்கும், காலடியில் கிடக்கிற வெறும் ரப்பர் மேட்டை. ‘கிளச்ச முழுசா மிதி. இப்ப மூணாவது. மூணாவது போடு, இஞ்சின் திணறுது கேக்கல? ஆரன் அடி. லாரி வருது பாரு பின்னாடி.’ லாரி வரும். சத்தத்தை வைத்தே எல்லாம் சரியாகச் சொல்வார், ஒன்றுகூடத் தப்பிருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகவாவது சொன்னால் திட்டலாம். எனக்குக் கை வியர்க்கும், வண்டி குதிக்கும். வீடு வந்ததும், ‘பரவால்ல, பழகிரும்’ என்பார். முதல் தடவை தனியாக எடுத்தது மருந்துக் கடைக்கு. அன்றைக்கு வண்டி குதிக்கவில்லை. மூணாவது கியர் எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே சுற்றுவழியில் வந்தேன். அதில் ஆரம்பித்தது.

உப்புத்தாள் போடுகிற சத்தம் ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. பிய்ந்த இடத்தில் பட்டி பார்த்துத் தேய்த்திருக்கிறான், விரல் வைத்தால் தெரியாது என்கிறான். நான் விரல் வைத்துப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு. தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் என்பது தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டேன், சூடு பட்ட மாதிரி. என்ன காரியம் செய்கிறேன். அவருடைய இருட்டுக்குள் போய் உட்கார்ந்து அங்கே என்ன தெரியும், என்ன தெரியாது என்று அளந்து பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் இதுகூடப் பெரிதில்லை. நினைக்கக்கூடாது என்று தள்ளித் தள்ளி வைப்பது அது இல்லை. போன மாசம் டாக்டர் சொன்னது. இடது கண்ணுக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணலாமா என்று பார்க்கலாம், ஒரு டெஸ்ட் எடுப்போம் என்று முன்பு சொல்லியிருந்தார். அந்த டெஸ்ட் முடிவு வருகிறவரை நான் தினமும் கோயிலுக்குப் போனேன். கண்ணைக் கொடு, கண்ணைக் கொடு என்றுதான் வேண்டினேன். ஒருநாள், தீபாராதனை நடக்கும்போது, கண்ணைக் கொடு என்று உதடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு சின்னக் குரல், ரொம்பச் சாதாரணமாக, அப்ப சாவியத் திருப்பிக் குடுக்கோணுமே என்றது. அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், தப்பு தப்பு என்று, பக்கத்தில் நின்ற பெண் என் பக்தியைப் பார்த்துவிட்டு அவளும் போட்டுக்கொண்டாள். அப்புறம் முடிவு வந்தது. இனிமேல் செய்கிறதற்கு ஒன்றும் இல்லையம்மா என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார், கம்பெனியில் ஆர்டர் கான்சல் ஆனால் ஆட்டுவாரே அப்படி. நான் அங்கேயே உடைந்து அழுதேன். அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினேன். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்தது. பிடித்தபோது, அழுகை இன்னும் நிற்காதபோதே, நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அது துக்கம் இல்லை. எனக்குத் தெரியும் அது என்ன என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அழுகாத, ரோட்டப் பாத்து ஓட்டு’ என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். நான் எதற்காக அழுகிறேன் என்று நினைத்துச் சொன்னாரோ அதற்காக.

“அக்கா, வந்து பாருங்க.” முதல் சக்கரத்துக்கு மட்டும் கலர் அடித்து, விளக்குப் போட்டுக் காயவைத்திருக்கிறான். டயரைச் சுற்றி ஒட்டிய பேப்பரைக் கிழித்து எடுத்ததும், கறுப்பு ரப்பருக்கு நடுவில் அந்தச் செம்பு தெரிகிறது. அழகு. அழகு என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. குனிந்து பார்த்தால் வளைவில் என் முகம் மங்கலாக, நீளமாக, சின்ன வயசாகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டே நிற்கும்போது இன்னொன்று தோன்றியது, தோன்றாமலே இருந்திருக்கலாம். அவருக்கு இந்த வண்டி இன்னும் தெரிகிறது. உலகத்தில் மிச்சம் எல்லாம் மங்கிப்போனாலும், என் முகம்கூட இப்போது எப்படி ஆகிவிட்டதோ என்று கேட்கிற மனுஷனுக்கு, இந்த வண்டி தலைக்குள் அப்படியே நிற்கிறது, கரும்பச்சை, வெள்ளிச் சக்கரம். ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது அவர் பார்த்துக்கொண்டுதான் துடைக்கிறார். நான் சொல்லாமல் விட்டால் அவர் சாகிறவரைக்கும் வெள்ளியைத்தான் துடைப்பார், அவர் துடைக்கத் துடைக்கத் தெருவில் போகிறவன் எல்லாம் செம்பைப் பார்ப்பான், நான் திண்டாடிப்போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னால், அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரு படத்தையும் நானே கிழித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் திருட்டு, சொன்னால் அதைவிடக் கொடுமை. சில்வரையே அடிச்சுருப்பா என்று இப்போதுகூடச் சொல்லலாம். ஒன்றுதான் ஆகியிருக்கிறது, மூன்று மிச்சம். சொல்ல வேண்டும் என்று பெலிக்ஸைப் பார்க்கிறேன். அவன் இடுப்பில் கை வைத்து, என் முகத்தில் சிரிப்பு வரக் காத்திருக்கிறான். சிரித்துத் தொலைக்கிறேன்.

கைப்பையில் போன் அடிக்கிறது. அவர்தான். பட்டன் போனில் ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்குப் போன் வரும், அப்படிப் போட்டுவைத்திருக்கிறேன். எடுக்காமல் விட்டால் பயந்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்து, பட்டறையின் பின்பக்கம், பழைய பம்பர்கள் அடுக்கியிருக்கிற மூலைக்குப் போய் எடுத்தேன்.

“சாப்ட்டாச்சு,” என்றார். “கீரையில உப்புக் கொஞ்சம் தூக்கல். தங்கச்சி வீட்டுல இருக்கறயா?”

“ஆமாங்க. இப்பத்தான் உக்காந்தோம்.” என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. பழகிவிட்டது. அந்த நேரம் பார்த்து முன்பக்கம் வேறு ஏதோ வண்டிக்கு ஏர் கன்னை வைத்து நட்டுக் கழற்றினார்கள். டர்ர்ர் என்று ஒன்று, நிறுத்தி, இன்னொன்று. கம்ப்ரஸரும் கூடவே எழுந்து உறுமியது. நான் போனைக் கையால் பொத்தினேன், பொத்தி என்ன ஆகிறது.

சத்தம் நின்ற பிறகு, “உன் தங்கச்சி எப்பருந்து வீட்டுல ஏர் கன் வெச்சுருக்கறா?” என்றார்.

என் கால் கட்டைவிரல் தரையில் கிடந்த ஒரு போல்ட்டை உருட்டிக்கொண்டிருந்தது.

“பஞ்சரா?” என்றார் அவரே. “வழியில பஞ்சராயிருச்சா? நான் பயந்துக்குவேன்னு சொல்லலையா?”

நான் தப்பித்துக்கொள்ளக் கதவைத் திறந்துவைத்து, இந்தப் பக்கமாப் போயிரு என்று கை காட்டுகிறார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். ஆமாங்க, பஞ்சர்தான். நாளைக்கு விரலுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தக் குரலில் அக்கறை இருந்தது, பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் தனியாக நிற்கிறாளே என்ற அக்கறை. அதை வாங்கிக்கொள்ள எனக்கு இடம் இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு வண்டியில் ஒரு தடவை வாங்கியது இன்னும் உள்ளே கிடந்து புளிக்கிறது.

“பஞ்சர் இல்லீங்க,” என்றேன். “கணபதியில பெயிண்ட் பட்டறையில இருக்கறேன். வீல கல்லுல ஒரசிட்டேன். நாளைக்கு நீங்க தொடைக்கறதுக்குள்ள சரிபண்ணிரலாம்னு வந்தேன்.”

“எந்தப் பக்கம்?”

“முன்னால இடது.”

“விளிம்பா, கம்பியா?”

“விளிம்புதானுங்க.”

“அப்பப் பரவால்ல. கம்பி விரிசல் விட்டிருந்தாத்தான் பயம்.” மூச்சு விட்டார். “இதுக்கெதுக்குப் பொய் சொல்ற. நான் என்ன அடிக்கவா போறேன். பழைய சில்வர் கெடைக்குதா அவன்கிட்ட? நல்லாப் பாத்து அடிக்கச் சொல்லு.”

சில்வர்தானுங்க. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுப் போய் பெலிக்ஸிடம் மாற்றச் சொல்லிவிட்டால் அது பொய்கூட இல்லை. முதல் சக்கரம் விளக்குக்குக் கீழே நிற்கிறது, இங்கிருந்தே அதன் ஓரம் தெரிகிறது.

“சில்வர் இல்லீங்க. செம்புக் கலர் அடிக்கறாங்க. நான்தான் சொன்னேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு.”

எனக்குப் பிடித்திருந்தது என்று இந்த மனுஷனிடம் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகம் வரவில்லை. அந்தப் பக்கம் ரேடியோவில் யாரோ உர மூட்டைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது, அப்புறம் அது நின்றது. எட்டி நிறுத்தியிருக்கிறார்.

“பச்சைக்குச் செம்பு,” என்றார் மெதுவாக. மறுபடியும், “பச்சைக்குச் செம்பு.” அப்புறம், “நெனச்சுப் பாக்கறேன் கோகிலா. வர மாட்டேங்குது.”

பம்பர் அடுக்கின் மேல் கை ஊன்றிக்கொண்டேன். “சில்வரே அடிக்கச் சொல்லிர்றனுங்க. ஒண்ணுதான் அடிச்சிருக்குது. மாத்திரலாம்.”

“அடிச்சாச்சுன்னா அடிச்சுரு. ஒரு தடவ உரிச்சத மறுக்கா உரிக்கக் கூடாது.” பெலிக்ஸ் பேசுகிற மாதிரியே பேசினார், தொழில் பேச்சு. நான் அதிலேயே பேச்சு நின்றுவிடாதா என்று ஏங்கினேன். நிற்கவில்லை. “எங்க ஒரசின?”

“வாளையார் ரோட்டுல.”

“அங்க என்ன வேல?”

“சும்மாங்க.”

“சும்மாவா?”

“சும்மாத்தான். ஓட்டிட்டுப் போனேன்.”

“தனியாவா?” ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்து, “ஆமாங்க” என்றேன். “ஒரு தடவதானா?”

“இல்லீங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். நீ அங்க காத்து வாங்கிட்டுத் திரி, நான் இங்க செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறேன் என்று சொன்னால், காலில் விழலாம், அழலாம், சரியாகிவிடும். அவர் குரல் கொஞ்சம் முன்னால் வந்தது, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்திருப்பார். “எவ்வளவு வரைக்கும் அழுத்துன?”

“தொண்ணூறு.”

“அஞ்சாவதுலயா?”

“அஞ்சாவதுலதான்.”

“வண்டி ஆடுச்சா?”

“ஆடலீங்க.”

“ஆடாது,” என்றார். அதைச் சொல்லும்போது குரலில் அந்தப் பழைய ஆள் இருந்தார், ராஜபாளையத்திலிருந்து வந்து படியேறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வருகிற ஆள். வண்டியைப் பற்றிக் கேட்கிறார், வேகத்தைப் பற்றிக் கேட்கிறார், பசியோடு இருக்கிறவன் கல்யாண வீட்டில் என்ன போட்டார்கள் என்று கேட்கிற மாதிரி கேட்கிறார். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

“என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமல்ல,” என்றார்.

குற்றம் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான். எத்தனையோ பதில் இருந்தது. உங்களுக்கு அலைச்சல் ஆகாதுன்னு. வெயில்னு. அடுத்த தடவ கண்டிப்பாங்க. எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது, நான் எதையாவது ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும். ஆனால் வாளையார் ரோட்டில் காற்று வந்து தோளைத் தொடுகிற அந்த இடத்தை நினைத்தேன். அங்கே பக்கத்து சீட்டில் இவர், கால் மேட்டை மிதிக்க, மூணாவது போடு, லாரி வருது. நினைத்ததும் கை வியர்த்தது. இது எப்படிப்பட்ட மனசு. கண் இல்லாதவருக்கு ஒரு சீட்டுக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை, அதுக்கு மேல் உண்மை என்னிடம் இல்லை.

“நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு வண்டி ஓட்ட வரமாட்டேங்குதுங்க,” என்றேன்.

சொன்ன பிறகு உலகத்தில் இருக்கிற சத்தமெல்லாம் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, முன்னால் உப்புத்தாள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ரோட்டில் பஸ் போனது. எனக்குத்தான் கேட்கவில்லை. கண் தெரியாத மனுஷனைப் பார்த்து நீ பக்கத்தில் இருக்காதே என்று சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷத்தில் அவரை எதிர்த்து நான் சொன்ன பெரிய பேச்சு இதுதான், அதையும் அவர் இப்படி ஆன பிறகுதான் சொல்கிறேன். முன்பே சொல்லியிருந்தால் தைரியம். இப்போது இதற்கு என்ன பேர்.

“நான் ரொம்பப் பேசறனோ?” என்றார்.

“ஆமாங்க.”

“ம்.” நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தாரா, உட்கார்ந்தாரா தெரியவில்லை. “அப்ப நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

புரியாமல், “என்னங்க?” என்றேன்.

“பின்சீட்டுல. நீ பாட்டுக்கு ஓட்டு.”

இருபது வருஷத்தில் அந்த வண்டியின் பின்சீட்டில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. பாப்பா கல்யாணத்துக்கு டிரைவர் போடலாம் என்று எல்லோரும் சொன்னபோதும், பட்டுவேட்டியோடு அவரேதான் ஓட்டினார். பின்னால உக்காந்தா வண்டி என்ன பேசுதுன்னு கேக்காது என்பார். வேண்டாங்க, முன்னாலயே வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பொம்பளையும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் சொன்னது வேறு.

“பேசக் கூடாதுங்க.”

“பேச மாட்டேன்.”

“லாரி வந்தாலும்.”

“லாரி வந்தாலும்,” என்றார். சிரித்தாரா, இல்லை தொண்டையைச் செருமினாரா தெரியவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, பெலிக்ஸ் தூரத்திலிருந்து, மீதி மூணையும் அடிச்சுரட்டுமா என்று கையால் கேட்டான், நான் அழுதபடியே அடி என்று தலையை ஆட்டினேன். ஒப்பந்தம் போட்டுவிட்டேன். அவருடைய வண்டியில் அவர் பின்னால், வாய் திறக்காமல். இவ்வளவுக்கும் பிறகு, இந்த நிமிஷத்தில்கூட, வேண்டாம் நீயே போய்ட்டு வா, எனக்கு என்ன அங்க, என்று அவர் சொல்லிவிடுவாரா என்று என் மனசின் ஏதோ ஒரு மூலை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

“கோகிலா,” என்றார் அப்புறம். “என் பக்கத்துக் கண்ணாடிய மட்டும் எறக்கி வுடு. போதும்.”